கோடை முடியும் நேரத்தில் மலை ஏறுகிறவர்களுக்கு

பறவை பார்க்கப் புதிதாகக் கிளம்பியிருக்கும் பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது, கொடைக்கானலுக்கு எந்த மாதம் வரலாம் என்பதுதான். நவம்பர் முதல் பிப்ரவரி வரை என்று எல்லோரும் சொல்வார்கள். அதில் தவறில்லை. ஆனால் கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கு நான் சொல்லும் காலம் வேறு. அக்னி நட்சத்திரம் கழிந்து, மலர்க் கண்காட்சிக் கூட்டம் மலையிறங்கி, தென்மேற்குக் காற்று முழு வேகத்தில் வீசத் தொடங்குவதற்கு முன்னால் கிடைக்கும் இரண்டு மூன்று வாரம், வைகாசியின் பின்பாதி. "அப்போது பறவையே இருக்காதே, ஐயா?" என்கிறார்கள். குறைவாக இருப்பதால்தான் வரச் சொல்கிறேன்.

1. வலசைப் பறவைகள் போன பிறகு வாருங்கள். இமயமலையிலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் குளிர்காலத்துக்கு வந்தவை கோடை முற்றுவதற்குள் திரும்பிவிடும். ஜனவரியில் சோலைக்குள் நின்றால் தலைக்கு மேலே இலையோடு இலையாகப் பச்சையும் மஞ்சளுமாகக் கதிர்க்குருவிகள் ஓடிக்கொண்டே இருக்கும். எந்தக் கதிர்க்குருவி எது என்று பழகியவர்களே சண்டை போட்டுக்கொள்வார்கள். புதிதாக வந்தவர் அந்தச் சண்டையைக் கேட்டுக் குழம்பி, 'நமக்கு இது வராது' என்று பைனாகுலரைப் பெட்டியில் வைத்துவிடுகிறார். வைகாசிக் கடைசியில் அந்தத் தொல்லை கிடையாது. சின்னதாகப் பச்சையாக ஒன்று கிளையில் தாவினால், பெரும்பாலும் அது வெள்ளைக்கண்ணிதான். கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் இருக்கிறதா என்று பார்த்து உறுதி செய்துகொள்ளலாம். எஞ்சியிருப்பவை எல்லாம் இந்த மலையின் சொந்தக் குடிகள். அவற்றை ஆண், பெண், குஞ்சு, குரல், இருக்கும் இடம் என்று முழுமையாகத் தெரிந்துகொண்டால், அடுத்த குளிர்காலத்தில் வெளியூர்க்காரர்கள் தாமாகவே தனியாகத் தெரிவார்கள்.

2. பைனாகுலர் விஷயத்தில் கடைக்காரர் பேச்சைக் கேட்காதீர்கள். பெரிதாகக் காட்டுவதே நல்லது என்று 12, 16 என்றெல்லாம் எடுத்துக் கொடுப்பார். 8x42 என்று எழுதியிருப்பதை வாங்குங்கள். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது. இரண்டாவது, முன்பக்கக் கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் வருவது கண்ணுக்குள் விழும் ஒளிக்கற்றையின் அகலம். 8x42க்கு ஐந்து மில்லிமீட்டருக்குச் சற்று மேல், 10x25க்கு இரண்டரைதான். வெட்டவெளியில் இந்த வித்தியாசம் தெரியாது. காலை ஆறரை மணிக்கு, மேகம் இறங்கிய சோலைக்குள், சின்னப் பைனாகுலர் வைத்திருப்பவருக்கு எல்லாப் பறவையும் கறுப்பு. மடங்கு கூடக் கூடக் கை நடுக்கமும் கூடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வாங்கியதும் இரண்டு கண்ணுக்கும் சரிசெய்ய வேண்டும். வலது கண்ணை மூடி, நடுச்சக்கரத்தைத் திருப்பி இடது கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். பிறகு இடது கண்ணை மூடி, வலப்பக்கக் குழலில் உள்ள வளையத்தை மட்டும் திருப்புங்கள். இதைச் செய்யாமல் பல மாதம் தலைவலியோடு பறவை பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். பறவையைக் கண்டதும் குனிந்து பைனாகுலரைத் தேடாதீர்கள். பார்வையைப் பறவை மீதே வைத்துக்கொண்டு, கருவியைக் கண்ணுக்குக் கொண்டுவாருங்கள். வீட்டு மாடியில் காக்கையை வைத்து ஒரு வாரம் பழகினால் போதும்.

3. மலையை ஒரே மூச்சில் ஏறாதீர்கள். வத்தலக்குண்டிலிருந்து கிளம்பும் வண்டி இரண்டு மூன்று மணி நேரத்தில் உங்களைச் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இறக்கிவிடும். அதற்குள் தாண்டிப் போனது மூன்று ஊர்ப் பறவைகள். அடிவாரத்து முள்காட்டில் மயிலும் பஞ்சுருட்டானும். நடுவில் காப்பித் தோட்டங்கள், நிழல் மரங்கள். அங்கே மஞ்சள் புருவச் சின்னானும் குக்குறுவானும். பெருமாள்மலைக்கு மேலே போகப் போகக் குளிர் தட்டும், மரங்கள் குட்டையாகிப் பாசி பிடித்திருக்கும், பறவையும் மாறும். சொந்த வண்டியில் வருவதானால் இரண்டு இடத்தில் இறங்கி, ஒவ்வொரு இடத்திலும் அரை மணி நேரம் நில்லுங்கள். எந்தப் பறவை எந்த உயரத்தில் நின்றுபோகிறது என்பது படத்தில் பார்ப்பதைவிட உடம்பில் குளிர் ஏறும்போது நன்றாக மனத்தில் பதியும்.

புறப்படும் முன் இ-பாஸ் எடுத்துவிடுங்கள். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே மாதத்திலிருந்து வெளியூர் வண்டிகளுக்கு அது வேண்டும். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலையும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

4. முதல் நாள் காலையை ஏரிக்குக் கொடுங்கள். ஏரிக்கு வாத்துக் கூட்டத்தை எதிர்பார்த்து வருகிறவர்கள் ஏமாந்து போவார்கள். இது வேடந்தாங்கல் இல்லை. இயற்கையான ஏரியும் இல்லை. மதுரை கலெக்டராக இருந்த வீர் ஹென்றி லெவிஞ்ச் 1863இல் ஓடைகளுக்குக் குறுக்கே கரை கட்டி உண்டாக்கியது. சுற்றிலும் இருக்கும் சோலைக்கு முன்னால் இந்த ஏரியின் வயது ஒன்றுமே இல்லை. ஆகவே இதில் வாழ்கிறவை மலைப் பறவைகள் அல்ல. நம் ஊர்க் கண்மாயிலிருந்து மேலே வந்து குடியேறியவை. முக்குளிப்பான், தாழைக்கோழி, குளத்துக்கொக்கு, வெண்தொண்டை மீன்கொத்தி.

அதனால்தான் இங்கே தொடங்கச் சொல்கிறேன். இடம் திறந்த வெளி, பறவை பெரிது, ஓடி ஒளியாது. கை பழகுவதற்கு இதைவிட நல்ல இடம் இல்லை. தெரிந்த பறவைதானே என்று கடந்துபோகவும் வேண்டாம். வைகாசியில் இவை இனப்பெருக்கக் கோலத்தில் இருக்கும். முக்குளிப்பானின் கழுத்து செம்பழுப்பாகி, வாயோரத்தில் மஞ்சள் புள்ளி பளிச்சென்று தெரியும். தண்ணீரோரம் அழுக்கு நிறத்தில் நிற்கக் கண்ட குளத்துக்கொக்குக்கு முதுகு கருஞ்சிவப்பாகியிருக்கும். ஒரே பறவை ஆண்டுக்கு இரண்டு உடை மாற்றும் என்ற பாடம் இங்கே கண்முன்னால் கிடக்கிறது. தாழைக்கோழிக் குடும்பத்தைக் கண்டால் உட்கார்ந்துவிடுங்கள். நெற்றியில் சிவப்புத் தகடு உள்ளது பெரியது. தகடு இல்லாமல் மங்கலான பழுப்பில் இருப்பது போன பருவக் குஞ்சாக இருக்கலாம்.

ஏரியைச் சுற்றும் சாலை ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர். படகுகள் இறங்குவதற்கும் குதிரைக்காரர்கள் வருவதற்கும் முன்னால், ஆறு மணிக்கே, நடையைத் தொடங்குங்கள். கரையோரக் கம்பிகளில் கறுப்பு வெள்ளைப் புதர்ச்சிட்டு உட்கார்ந்து வாலை ஆட்டும். ஆண்தான் கறுப்பு, பெண் பழுப்பு. தண்ணீருக்கு மேலே தாழப் பறந்து பூச்சி பிடிப்பது மலைத் தகைவிலான். எட்டரைக்குப் பிறகு ஏரியை விட்டு விலகிவிடுங்கள். அதற்குப் பிறகு அது சுற்றுலாப் பயணிகளுடையது.

5. சோலைக்குள் நடக்காதீர்கள், நில்லுங்கள். இந்த ஒன்றைச் சொல்லித்தான் எனக்குக் குரல் கட்டியிருக்கிறது. பிள்ளைகள் பாதையில் வேகமாக நடந்து போய், திரும்பி வந்து, சோலை காலியாக இருக்கிறது என்கிறார்கள். சோலையின் முக்கியமான குருவிகளில் பல, தம் எல்லையை விட்டு நகராத இனங்கள். கருப்பு ஆரஞ்சு ஈப்பிடிப்பானை எடுத்துக்கொள்ளுங்கள். உலகத்திலேயே மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதி உச்சிகளில்தான் அது இருக்கிறது. முழங்கால் உயரக் குறிஞ்சிப் புதர்களுக்கு நடுவில், ஈரமான, விழுந்த மரம் கிடக்கும் மூலையில் வாழும். ஒரு சிறு துண்டு இடம்தான் அதன் முழு ராஜ்யம். நீங்கள் பேசிக்கொண்டே நடந்தால் ஐந்தடி உள்ளே தள்ளி உட்கார்ந்துகொள்ளும். இருபது நிமிடம் மரத்தில் சாய்ந்து நின்றால், 'சிட் சிட்' என்று சொல்லிக்கொண்டு தானாக வந்து, இடுப்பு உயரக் குச்சியில் உட்காரும். ஆணுக்குத் தலையும் இறக்கையும் கறுப்பு, மற்றதெல்லாம் ஆரஞ்சு. பெண்ணுக்குக் கறுப்புக்குப் பதில் பழுப்பு.

அதற்கு ஒரு மாடி மேலே, நடுக்கிளைகளில், நீலகிரி ஈப்பிடிப்பான். பெயரில் நீலகிரி இருந்தாலும் பழனி மலையிலும் தாராளமாக உண்டு. கருநீல உடம்பு, வாலின் அடியில் இருபுறமும் சிறு வெள்ளைத் திட்டு. இன்னும் மேலே, சாம்பல் தலையும் மஞ்சள் வயிறுமாகத் துறுதுறுவென்று குட்டி ஈப்பிடிப்பான் ஒன்று கத்திக்கொண்டே திரியும். தரைக்கும் உச்சிக்கும் நடுவே மூன்று ஈப்பிடிப்பான்கள், ஒன்றின் வழியில் மற்றது குறுக்கிடாமல். நின்று பார்த்தால்தான் இந்தப் பங்கீடு புரியும்.

எங்கே நிற்பது என்றால், பாம்பே சோலை ஊருக்குள்ளேயே இருக்கிறது. பியர் சோலை ஏரியிலிருந்து நடக்கும் தூரம். வட்டக்கானல் பக்கம் பாம்பார் சோலை. பேரிஜம் அழகுதான், ஆனால் வனத்துறை அனுமதி பெற்று அவர்கள் விடும் நேரத்தில்தான் போக முடியும், விடியற்காலைக்கு உதவாது. ஊரடிச் சோலைகளை முதலில் முடியுங்கள்.

6. காதை முதலில் பழக்குங்கள். சோலையில் பத்துப் பறவை இருந்தால் கண்ணில் படுவது இரண்டு. விடிவதற்கு முன், இன்னும் இருட்டாக இருக்கும்போதே, ஓடைப் பக்கமிருந்து ஒரு சீழ்க்கை கேட்கும். வேலைவெட்டி இல்லாத பையன் ஒருவன் மெட்டை மறந்துவிட்டு வாய்க்கு வந்தபடி விசிலடித்துக்கொண்டு போவது போலவே இருக்கும். அது சீகாரப் பூங்குருவி. மழை நெருங்க நெருங்க நன்றாகப் பாடும். வைகாசி அதற்கு உச்சகாலம். வெளிச்சம் வந்ததும் கரும்பூங்குருவி மர உச்சியில் தொடங்கும். பிறகு நாள் முழுக்கக் குக்குறுவானின் 'குட்ரூ குட்ரூ'.

ஆழமாக, குரங்கு உறுமுவதோ என்று சந்தேகப்படும்படி 'ஊ' என்று ஒன்று கேட்டால், அண்ணாந்து பாருங்கள். நீலகிரிக் காட்டுப்புறாவாக இருக்கும். பிடரியில் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள். பழுத்த மரத்தை விட்டு எளிதில் நகராது. நாவல் இனப் பழங்களை முழுசாக விழுங்கும். சோலை மரங்களின் விதை தூரத்துக்குப் போவதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. வாளலகுச் சிலம்பனின் குரல் வேறொரு வேடிக்கை. ஒன்று தொடங்கும், இணை அதே மூச்சில் முடிக்கும். இரண்டு பறவை என்று தெரியாமல் ஒரே பாட்டாகக் குறித்துவைப்பவர்கள் அதிகம்.

ஒரு நாளைக்கு இரண்டு குரல் போதும். பட்டியல் போட்டுப் பத்தைக் கற்றால், இறங்கும்போது ஒன்றும் மிஞ்சாது.

7. குஞ்சுகள் உங்களைக் குழப்பும், குழம்புங்கள். கோடைக் கடைசியில் வரச் சொல்வதற்கு இதுவே பாதிக் காரணம். மற்ற மாதங்களில் படத்தில் உள்ளபடியே பறவை இருக்கும். இப்போது கூட்டை விட்டு வந்த இளசுகள் எங்கும் திரிகின்றன, அவை படங்களில் அதிகம் இருப்பதில்லை. செம்மீசைச் சின்னானை எல்லோருக்கும் தெரியும்: உச்சிக் கொண்டை, கன்னத்தில் சிவப்புப் புள்ளி. அதன் குஞ்சுக்குக் கன்னத்தில் சிவப்பு கிடையாது. வாலடி சிவப்பாக இல்லாமல் மங்கிய ஆரஞ்சாக இருக்கும். 'புதுச் சின்னான் கண்டுபிடித்தேன்' என்று ஓடி வருகிறவர்களில் பாதிப்பேர் இதைத்தான் பார்த்திருப்பார்கள். ஈப்பிடிப்பான் குஞ்சுகள் உடம்பெல்லாம் புள்ளியாக, தாய் தந்தையோடு சம்பந்தமே இல்லாதவை போல இருக்கும்.

வழி ஒன்றுதான். காத்திருந்து யார் இரை கொடுக்கிறார்கள் என்று பாருங்கள். பெற்றவர் வந்ததும் விடை தெரிந்துவிடும். தனியாக இருக்கும் இளசை வைத்துக்கொண்டு பெயர் சொல்ல அவசரப்படுகிறவர்தான் பெரும்பாலும் தவறுவார்.

8. கூட்டருகே போகாதீர்கள். இதில் எனக்கு விட்டுக்கொடுக்கும் மனசே இல்லை. கருப்பு ஆரஞ்சு ஈப்பிடிப்பான் காய்ந்த இலைகளையும் பெரணியையும் வைத்து உருண்டையாகக் கூடு கட்டும், தரையிலிருந்து ஒரு மீட்டருக்கும் கீழே. வழக்கமாக இரண்டே முட்டை. படம் தெளிவாக விழ வேண்டும் என்று முன்னால் உள்ள இலைகளை ஒதுக்கிவிட்டுப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த இலைதான் அதன் கதவு. நீங்கள் மிதித்துப் போன தடத்தைப் பின்பற்றி அண்டங்காக்கையும் குரங்கும் வரும். கூட்டிலிருந்து நூறடி தள்ளி நிற்கும் உங்களுக்கு அது தெரியவே தெரியாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், கூட்டையோ முட்டையையோ தொந்தரவு செய்வதையும் வேட்டை என்றே கணக்கில் எடுக்கிறது.

கைப்பேசியில் பறவைக் குரலைப் போட்டு வரவழைப்பதும் இதே ரகம். ஆண் பறவைக்கு அது தன் எல்லையில் எதிரி புகுந்துவிட்டான் என்ற செய்தி. குஞ்சுக்குப் புழு தேட வேண்டியவன் எல்லாவற்றையும் விட்டுவிட்டு உங்கள் பாக்கெட்டோடு மல்லுக்கு நிற்கிறான். அந்த நேரத்தில் மழை வந்தால், தாய் மட்டும்தான் குஞ்சுகளைக் காக்க வேண்டும், தாய் மட்டும்தான் இரையும் தேட வேண்டும். கூட வருகிறவர் யாராக இருந்தாலும், வழிகாட்டியே ஆனாலும், குரல் போட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். வயதில் பெரியவர் என்று தயங்க வேண்டாம். கூட்டின் இடத்தைப் படத்தோடு யாருக்கும் அனுப்பவும் வேண்டாம்.

9. ஊட்டியில் பார்த்ததை இங்கே தேடாதீர்கள். நீலகிரிக்கும் பழனி மலைக்கும் நடுவில் பாலக்காட்டுக் கணவாய் இருக்கிறது. சமவெளியில் பறக்கும் பறவைக்கு அது ஒரு தடையே இல்லை. ஆனால் குளிர்ந்த சோலையை விட்டு இறங்காத பறவைக்கு அந்த வெப்பமான பள்ளம் கடல் மாதிரிதான். பிரிந்து போன இரு பக்கத்தாரும் காலப்போக்கில் தனித்தனி இனங்களாகிவிட்டார்கள். ஊட்டியில் உள்ள சிலப்பன் என்னும் பறவைக்கு நெஞ்சு செம்பழுப்பு; நம் பழனிச் சிலப்பனுக்கு நெஞ்சு சாம்பல், அதில் கோடுகள், வயிறுதான் செம்மை. சோலைத் தரையில் மறைந்து திரியும் நீலச் சோலைக்குருவியும் அப்படித்தான். இங்குள்ளதற்கு வயிறு வெள்ளை, அங்குள்ளதற்கு அந்த இடத்தில் செம்பழுப்பு.

பழனிச் சிலப்பனின் அறிவியல் பெயரில் ஃபேர்பேங்க் என்ற அமெரிக்கப் பாதிரியார் இருக்கிறார். மராத்தி நாட்டில் ஊழியம் செய்தவர், இந்த மலையில் பறவைகளைச் சேகரித்தார். அவர் கொடுத்த மாதிரிகளை வைத்து 1860களின் இறுதியில் பிளான்ஃபோர்டு என்ற இயற்கையியலாளர் பெயர் சூட்டினார். அதற்குப் பிறகு ஒன்றரை நூற்றாண்டாக இவற்றை இமயமலைப் பறவைகளோடு சேர்த்து வைத்திருந்தார்கள். 2017இல்தான் மரபணு ஆய்வின் அடிப்படையில், சிலப்பன்களுக்கும் சோலைக்குருவிகளுக்கும் இரண்டு புதிய பேரினங்களே உண்டாக்கினார்கள். வேறெங்கும் இல்லாத பேரினங்கள், நம் மலை உச்சிகளில் மட்டும். இவ்வளவு பெருமை உள்ள சிலப்பன் கொடைக்கானலில் வேலியோரப் புதரில் பழம் தின்றுகொண்டு சத்தம் போடும்; ஊரார் திரும்பியும் பார்ப்பதில்லை. நீங்கள் பாருங்கள்.

10. புல்வெளியைக் காலி இடம் என்று நினைக்காதீர்கள். பள்ளத்தில் சோலை, மேட்டில் புல் என்பதுதான் இந்த மலையின் பழைய அமைப்பு. வெள்ளைக்காரர் காலத்திலும் அதற்குப் பின்னும் அந்தப் புல்லைத் தரிசாகக் கருதி வாட்டில் என்னும் சீகையையும், தைல மரத்தையும், பைனையும் நட்டார்கள். ஏராளமான பரப்பு போய்விட்டது. நீலகிரி நெட்டைக்காலி என்ற பறவைக்குப் புல்லைத் தவிர வேறு போக்கிடம் இல்லை. தரையில் நடக்கும், தரையில் கூடு கட்டும், விரட்டினால் பக்கத்துப் புதரில் ஏறி நிற்கும். உச்சிப் புல்வெளிகளில் மிச்சமிருக்கும் துண்டுகளில் அது இன்னும் இருக்கிறது. தடத்தை விட்டு இறங்காமல் நடங்கள். அது குஞ்சு வைத்திருக்கும் இடத்தை உங்கள் கால் அறியாது.

பைன் காட்டில் சினிமாப் பாட்டு எடுப்பார்கள், குடும்பத்தோடு படம் பிடிப்பார்கள். உள்ளே போய்க் கால் மணி நேரம் காது கொடுத்துப் பாருங்கள். ஒரு பட்டாணிக் குருவி கேட்டால் அதிர்ஷ்டம். பழைய சீகைத் தோப்பு அப்படியில்லை. அதன் நிழலில் சோலைக் கன்றுகள் தாமாக முளைத்து எழுந்துகொண்டிருக்கும் இடங்கள் பழனி மலையில் உண்டு. அங்கே சோலைப் பறவைகளும் திரும்ப வருகின்றன. அந்நிய மரம் என்றால் வெட்டு என்று ஒரே வாக்கியத்தில் பேசுகிறவர்களிடம் இதைச் சொல்லுங்கள். புல்வெளியில் பரவும் சீகை வேறு கதை, அதைப் பிடுங்கத்தான் வேண்டும்.

11. கோக்கர்ஸ் வாக்குக்கு மத்தியானம் போங்கள். எல்லோரும் காட்சி பார்க்கப் போகும் இடம்தான். 1872இல் மலை விளிம்பை ஒட்டி வெட்டிய பாதை. ஆனால் பறவையின் முதுகை மேலிருந்து பார்க்கும் வாய்ப்பு வேறு எங்கே கிடைக்கும்? உழவாரன்கள் காலுக்குக் கீழே கிழித்துக்கொண்டு போகும். கருங்கழுகு மரத் தலைகளை உரசுவது போல மெதுவாக மிதந்து வரும். மேகம் மூடினால் பத்து நிமிடம் பொறுங்கள், விலகும்.

12. காட்டெருமை. ஊருக்குள்ளேயே, தெருவிலேயே நிற்கும். பைனாகுலரில் கண்ணை வைத்துக்கொண்டு பின்பக்கமாக நடக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். தனி ஆண் என்றால் வந்த வழியே திரும்புங்கள்.

உடுப்பு மங்கலான நிறத்தில் இருக்கட்டும். சரசரக்கும் மழைக்கோட்டு வேண்டாம், குடை நல்லது. மத்தியானத்துக்கு மேல் மழையை எதிர்பார்த்தே கிளம்புங்கள்.

13. கையில் நோட்டு வைத்திருங்கள், பென்சிலோடு. மழையில் பேனா மை கரையும். பறவையைக் கண்டதும் நிறத்தை எழுதாதீர்கள். முதலில் அளவு: சிட்டுக்குருவியா, மைனாவா, காக்கையா, எதற்கு நெருக்கம்? அடுத்து அலகு எப்படி, எந்த உயரத்தில் இருந்தது, என்ன செய்தது. கடைசியில் நிறம். மேகமூட்டத்தில் நிறம் பொய் சொல்லும். நீல ஈப்பிடிப்பான் கறுப்பாகத்தான் தெரியும். நடத்தை மாறாது.

குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும் மெர்லின் செயலி இப்போது எல்லோர் கைப்பேசியிலும் இருக்கிறது. நான் அதை எதிர்க்கவில்லை. அது 'இந்தப் பக்கம் பார்' என்று சொல்லும் நண்பர், அவ்வளவுதான். கரும்பூங்குருவி மற்ற பறவைகளின் குரலை எடுத்துப் பாடும் வழக்கமுள்ளது. செயலி அதைக் கேட்டு, அங்கே இல்லாத பறவையின் பெயரைத் திரையில் காட்டக்கூடும். கண்ணால் காணாததை, அல்லது காதால் நிச்சயமாக அறியாததை, இபேர்டு என்னும் பறவைப் பதிவுத் தளத்தின் பட்டியலில் ஏற்றாதீர்கள். சந்தேகம் என்றால் 'ஈப்பிடிப்பான், இனம் தெரியவில்லை' என்று எழுத அங்கே இடம் உண்டு. அப்படி எழுதும் ஆளின் மற்ற பதிவுகளை நான் நம்புவேன்.

நோட்டில் காக்கைக்கும் மைனாவுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். இயற்கை எழுத்தாளர் மா. கிருஷ்ணன் 1950 முதல் 1996இல் மறையும் வரை ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் இடைவிடாமல் எழுதினார். யானையைப் பற்றி எழுதிய அதே அக்கறையோடு வாசலில் வரும் சாதாரணப் பறவைகளைப் பற்றியும் எழுதினார்.

14. உள்ளூர்க்காரர்களிடம் பேசுங்கள். பூண்டு வயலில் வேலை செய்யும் அக்காவுக்கும், வனத்துறைக் காவலருக்கும், குதிரை நடத்தும் பையனுக்கும் பறவையின் புத்தகப் பெயர் தெரியாமல் இருக்கலாம். எந்த மரத்தில் பழம் பழுத்திருக்கிறது, எந்த ஓடையில் தண்ணீர் நிற்கிறது என்று தெரியும். உங்களுக்கு வேண்டியது அதுதான். கேட்கும்போது, "அண்ணே, இந்தப் பக்கம் நாவல் பழுத்திருக்கா?" என்று கேளுங்கள். பறவைப் படத்தைக் காட்டி இது இருக்கிறதா என்றால், மரியாதைக்கு 'இருக்கு' என்றுதான் சொல்வார்கள்.

15. திரும்ப வருவதானால் புரட்டாசியில் வாருங்கள். செப்டம்பரில் சாம்பல் வாலாட்டி வந்திறங்கும். வைகாசியில் ஒரு வாலாட்டியும் இல்லாத அதே ஓடைக்கல்லில், ஏரியின் அதே கரையில், மஞ்சள் வயிற்றோடு வாலை ஏற்றி இறக்கிக்கொண்டு நிற்கும். பின்னாலேயே கதிர்க்குருவிகள். உங்கள் பழைய நோட்டைக் கையோடு கொண்டுவந்து, பக்கத்துக்குப் பக்கம் எழுதுங்கள்: அப்போது இருந்தவை யார், இப்போது வந்தவர்கள் யார். பொங்கலுக்கு 2015 முதல் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பில் உங்கள் ஊரிலிருந்தே சேர்ந்துகொள்ளவும் இந்த நோட்டு உதவும். ஐப்பசிக்குத் தள்ளிப் போடாதீர்கள். வடகிழக்குப் பருவமழைதான் இந்த மலைக்குப் பெரிய மழை. மண் சரிந்து காட் ரோட்டில் மரம் விழுந்தால் வண்டி நிற்கும், அறையில் உட்கார்ந்து ஜன்னல் வழியாகச் சின்னானைத்தான் எண்ணிக்கொண்டிருக்க வேண்டும்.